ஆக்டேவியா ஆர்எஸ் 245: மலையில் பிடிக்க வேண்டும், காருக்குள் சத்தம் கூடாது. எந்த டயர் போடலாம்?

கோவை245

வணக்கம். கார் 2020 ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 245. டயர் அளவு 225/40 ஆர்18. நான் இரண்டாவது ஓனர். இப்போது ஓடும் நான்கு டயரும் முதல் ஓனர் காலத்தவை.

பிரச்சினை சத்தம். பின்சீட்டுக்குக் கீழிருந்து வருவது போல ஓர் உறுமல். 60ல் மெல்ல ஆரம்பிக்கிறது, 80ல் பின்னால் உட்கார்ந்திருப்பவர் பேசுவது சரியாகக் கேட்பதில்லை, 110ஐத் தாண்டினால் காற்றுச் சத்தத்தோடு கலந்துவிடுகிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் அப்படியே இருக்கிறது. டயரின் பட்டன் (ரோட்டில் படும் மேல்பரப்பின் வெட்டு வடிவம்) தேயவில்லை, பார்வைக்கு நன்றாகவே இருக்கிறது. ஒரு கடையில் பின் பேரிங் இரண்டையும் மாற்றச் சொன்னார்கள். இன்னொரு கடையில், "லோ ப்ரொஃபைல் டயர் என்றால் இப்படித்தான் சார்" என்று முடித்துவிட்டார்கள்.

எப்படியும் டயர் மாற்றுகிற எண்ணம் இருக்கிறது. வார நாட்களில் அவிநாசி சாலை, அவ்வப்போது குடும்பத்தோடு சென்னை, மனசு கேட்காதபோது வால்பாறை. ஆழியாறுக்கு மேலே அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளும் ஜூன், ஜூலை மழையில் எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். 245 பிஎஸ் சக்தி, 370 என்எம் டார்க் (சுழற்றும் விசை), எல்லாமே முன்சக்கரத்தில். ஈரத்தில் பிடிப்பு எனக்கு முக்கியம். ரேஸ் டிராக் ஆசை இல்லை.

யோசனையில் இருப்பவை: மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 5, குட்இயர் ஈகிள் எஃப்1 அசிமெட்ரிக், கான்டினென்டல் மேக்ஸ்கான்டாக்ட், யோகோஹாமா அட்வான் டிபி. ஐரோப்பிய லேபிளில் ஒரு டயருக்கு 72 டெசிபெல், இன்னொன்றுக்கு 69 என்று போட்டிருக்கிறது. அதைப் பார்த்தே வாங்கிவிடலாமா?

வளைவுராஜா

டயர் அப்புறம். முதலில் பேரிங்கா இல்லையா என்று பாருங்கள், காசு செலவில்லை.

காலியான அகலமான ரோட்டில் 70 வாக்கில் போகும்போது ஸ்டியரிங்கை மெதுவாக இடமும் வலமும் ஆட்டுங்கள். வலது பக்கம் திருப்பினால் காரின் எடை இடது சக்கரங்களில் ஏறும். கெட்டுப்போன பேரிங்காக இருந்தால் எடை ஏறும்போது சத்தம் கூடும், இறங்கினால் குறையும். டயர் சத்தம் பெரும்பாலும் இதற்கெல்லாம் மசியாது. அது ரோட்டுக்கு ரோடு மாறும்: புதுத் தாரில் குறையும், ஜல்லி தெரிகிற பழைய தாரில் கூடும்.

இதிலும் தெளிவாகவில்லை என்றால் முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றி ஓட்டுங்கள். சத்தம் முன்னால் வந்துவிட்டால் குற்றவாளி டயர்தான். பின்னாலேயே நின்றால் பேரிங் கடைக்காரர் சொன்னது சரி.

பழையடயர்

நான் டயர் தொழிலில் இருப்பவன். ராஜா சொன்னதோடு இன்னொன்றும் செய்யுங்கள் தம்பி. வண்டியை ஜாக்கியில் தூக்கிப் பின்சக்கரத்தின் உள்பக்க ஓரத்தில் உள்ளங்கையை வைத்து, டயர் உருளும் திசையில் ஒருமுறையும் எதிர்த்திசையில் ஒருமுறையும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பத்தைத் தடவுவது போலவும் இருந்தால் விஷயம் முடிந்தது. பட்டனின் ஒவ்வொரு கட்டையும் ஒரு விளிம்பில் தேய்ந்து மறு விளிம்பில் நிமிர்ந்து நிற்கிறது. அந்த நிமிர்ந்த விளிம்புகள் வரிசையாக ரோட்டில் அடிப்பதுதான் நீங்கள் கேட்கும் உறுமல். கேட்பதற்குப் பேரிங் போலவே இருக்கும், அனுபவஸ்தரே ஏமாறுவார்.

முன்சக்கர இழுவை வண்டிகளில் இது பின்சக்கரத்தில்தான் அதிகம் வரும். முன்டயர் இழுத்து, திரும்பி, பிரேக் பிடித்து எல்லாப் பக்கமும் தேய்ந்துவிடும். பின்டயர் சும்மா உருண்டுகொண்டே வரும், எடையும் குறைவு. டயர்களை இடம் மாற்றாமல் ஓட்டினாலோ, பின்சக்கரத்தின் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) கொஞ்சம் விலகியிருந்தாலோ ரம்பம் விழும். ஆழம் அளக்கும் கேஜை பட்டனின் நடுவில் வைத்தால் இது தெரியவே தெரியாது. "பட்டன் நன்றாக இருக்கிறது" என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது இதனால்தான்.

உங்கள் வண்டியில் பின்னால் மல்டிலிங்க் சஸ்பென்ஷன். பின்சக்கர டோ, கேம்பர் (சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும் கோணம்) இரண்டையும் சரிசெய்ய முடியும். பல கடைகளில் முன்சக்கரத்தை மட்டும் திருப்பிவிட்டு "அலைன்மென்ட் ஆச்சு" என்பார்கள். நான்கு சக்கரத்துக்கும் முன், பின் அளவு அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். இதைச் செய்யாமல் எவ்வளவு அமைதியான டயரைப் போட்டாலும் 10,000 கிலோமீட்டரில் மறுபடி இங்கே வந்து கேள்வி கேட்பீர்கள்.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கச்சுவரில் டாட் என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரம். ரப்பர் வயதாக ஆக இறுகும். இறுகினால் சத்தம் கூடும், ஈரப் பிடிப்பு குறையும்.

ஸ்டுட்கார்ட்வாசி

லேபிள் பற்றி யாரும் சொல்லவில்லையே. இங்கே ஜெர்மனியில் டயர் வாங்கும்போதெல்லாம் அது கண்ணில் படும். அந்த 72, 69 எல்லாம் காருக்கு வெளியே அளந்தவை. இன்ஜினை அணைத்துவிட்டு 80 கிலோமீட்டர் வேகத்தில் காரை உருளவிட்டு, ஓடுபாதையின் நடுக்கோட்டிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி வைத்த மைக்கில் பதிவாகும் சத்தம் அது. அளப்பதும் அதற்கென்றே போட்ட தளத்தில். ரோட்டோரத்தில் குடியிருப்பவருக்காகப் போட்ட சட்டம், உள்ளே உட்கார்ந்திருப்பவருக்காக இல்லை.

3 டெசிபெல் குறைந்தால் ஒலியின் ஆற்றல் பாதியாகும். ஆனால் காதுக்குப் பாதியாகத் தோன்ற கிட்டத்தட்ட 10 டெசிபெல் குறைய வேண்டும். அதிலும் உங்கள் காதுக்கு வருவது சஸ்பென்ஷன் வழியாக உடலில் ஏறி வரும் அதிர்வு. அதை வெளியே இருக்கும் மைக் கேட்காது. லேபிளில் 69 வாங்கிய டயர் காருக்குள் 72ஐ விட அதிகம் உறுமவும் கூடும்.

அதே லேபிளில் உங்களுக்குப் பயன்படுவது ஈரப் பிடிப்பு. 2021 மே முதல் வந்த புது லேபிளில் ஏ முதல் இ வரை. ஏ இல்லாத டயரை இந்தக் காருக்கு யோசிக்கவே வேண்டாம். ஆனால் அதுவும் நேர்கோட்டில் பிரேக் பிடித்து அளந்தது. ஈரத்தில் வளைவில் எப்படி இருக்கும், தேங்கிய தண்ணீர் மேல் எப்போது மிதக்கும் என்பதெல்லாம் அதில் வராது. இந்திய டயர்களில் ஒட்டும் பிஇஇ (மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு) நட்சத்திரத்தையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது உருளும்போது வீணாகும் ஆற்றலைப் பற்றியது.

கோவை245

எல்லோருக்கும் நன்றி. ஸ்டியரிங் ஆட்டிப் பார்த்தேன், சத்தத்தில் மாற்றமே இல்லை. சனிக்கிழமை டயரை இடம் மாற்றிப் பார்க்கிறேன். அதற்குள் ஒரு கேள்வி: உள்ளே ஸ்பாஞ்ச் ஒட்டிய டயர்கள் வருகின்றனவே, சத்தத்துக்கு அதுதான் தீர்வு என்கிறார் நண்பர்.

பழையடயர்

ஸ்பாஞ்ச் எல்லாச் சத்தத்துக்கும் மருந்தில்லை தம்பி. டயருக்குள் வளையமாக அடைபட்டிருக்கும் காற்று ஒரு குறிப்பிட்ட சுருதியில் அதிரும். உங்கள் அளவுக்கு அந்த வளையத்தின் நடுச் சுற்றளவு 1.7 மீட்டர் சொச்சம். ஒலியின் வேகத்தை அதால் வகுத்தால் 200 ஹெர்ட்ஸ் அருகில் வரும். மேம்பாலத்து இணைப்புகளிலும் கரடான ரோட்டிலும் கேட்கும் "டொங்" அதுதான். ஸ்பாஞ்ச் அதை நன்றாகவே அமுக்கும். கட்டைகள் ரோட்டில் அடிக்கும் உறுமலை அது தொடாது. பங்க்சர் ஆனால் ஸ்பாஞ்சை வெட்டியெடுத்து ஒட்டுப்போட்டு மறுபடி ஒட்ட வேண்டும். ராத்திரி 11 மணிக்கு உளுந்தூர்பேட்டையில் அதைச் செய்து தர யார் இருப்பார் என்று யோசித்துவிட்டு வாங்குங்கள்.

இனி டயர். நீங்கள் சொன்ன நான்கும் ஒரே ஜாதி இல்லை. அட்வான் டிபி அமைதிக்கென்றே செய்தது. நல்ல டயர், தினசரி செடானுக்கு நானே சொல்வேன். ஆனால் இந்த வகை டயரின் கட்டமைப்பு மென்மை. 370 என்எம் முன்சக்கரத்தில் இருக்கும் காரில், வால்பாறை வளைவில் ஸ்டியரிங் கேட்பது ஒரு கணம் தாமதமாகத்தான் நடக்கும். மற்ற மூன்றும் வேகக் கார்களுக்கான வகை. அதில் ஸ்டியரிங் கூர்மைதான் முதலில் வேண்டும் என்றால் பைலட் ஸ்போர்ட் 5 (2022ல் வந்தது, பைலட் ஸ்போர்ட் 4க்கு அடுத்தது). நீண்ட பயணமும் குடும்பமும் முதலில் என்றால் ஈகிள் எஃப்1 அல்லது மேக்ஸ்கான்டாக்ட். இது என் காது, என் கை. சத்தியம் செய்யமாட்டேன்.

மூன்றில் எது புதிய தேதியில் கிடைக்கிறதோ அதை வாங்குவதில் தப்பே இல்லை. இந்த அளவு தினமும் விற்கிற சரக்கு இல்லை, கடை மேல்தட்டில் வருடக்கணக்கில் கிடக்கும். தள்ளுபடி அதிகம் என்றால் முதலில் அந்த நான்கு இலக்கத்தைப் படியுங்கள். அப்புறம் 92ஒய் (92 எடைக் குறியீடு, ஒய் வேகக் குறியீடு), எக்ஸ்எல் (கூடுதல் எடை தாங்கும் வகை) என்று இருக்க வேண்டும். 92 என்றால் டயருக்கு 630 கிலோ தாங்கும். இதே அளவில் 88ம் உண்டு, அது 560 கிலோதான். விலை குறைவு என்று அதைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள்.

பொள்ளாச்சிக்காரன்

ஏன் யாரும் ரிம்மைப் பற்றிப் பேசவில்லை? 17 இஞ்ச் ரிம் வாங்கி 225/45 ஆர்17 போடுங்கள். 225/40 ஆர்18ன் விட்டம் 637 மில்லிமீட்டர், இதன் விட்டம் 634. ஸ்பீடோமீட்டருக்கு வித்தியாசமே தெரியாது. பக்கச்சுவர் 90லிருந்து 101 மில்லிமீட்டராகிறது. எங்கள் பக்கத்துக் குழிகளில் பக்கச்சுவர் வீங்கிக் கழற்றிப்போட்ட 18 இஞ்ச் டயர்களைப் பார்த்தவன் நான். டயர் விலையும் குறையும், தேர்வும் அதிகம்.

வளைவுராஜா

கணக்கு சரி. ஆனால் முன் பிரேக் காலிப்பர் ரிம்முக்குள் இடிக்காமல் உட்காருகிறதா என்று ஒரு ரிம்மை மாட்டிச் சுற்றிப் பார்க்காமல் செட்டாக வாங்கக் கூடாது. ஆஃப்செட்டும் (ரிம் உள்ளேயோ வெளியேயோ தள்ளி உட்காரும் அளவு) பொருந்த வேண்டும். அதோடு, சும்மா சொல்லக் கூடாது, அந்தக் காருக்கு 18 இஞ்ச்தான் அழகு.

பொள்ளாச்சிக்காரன்

அழகை வைத்து வீக்கத்தை ஒட்ட முடியாது ராஜா.

கோவை245

பார்த்தாயிற்று. பின் டயர்கள் முன்னால் வந்ததும் சத்தமும் டேஷ்போர்டு பக்கம் வந்துவிட்டது. பேரிங் நன்றாக இருக்கிறது. உள் ஓரத்தைத் தடவினால் பழையடயர் அண்ணன் சொன்னது போலவே ஒரு திசையில் கையைப் பிடிக்கிறது. தேதி 2020, தொழிற்சாலையிலிருந்து வந்த டயராக இருக்கலாம். வேறொரு கடையில் நான்கு சக்கர அலைன்மென்ட் பார்த்தோம். இடது பின்சக்கர டோ தாளில் சிவப்பு. சரிசெய்து பச்சைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

17 இஞ்சை வீட்டில் ஆதரிக்கிறார்கள், எனக்குத்தான் மனசு வரவில்லை. 18லேயே ஈகிள் எஃப்1 நான்கு சொல்லியிருக்கிறேன், 92ஒய் எக்ஸ்எல், இந்த வருடத் தேதி. முன்னால் மட்டும் இரண்டு போட்டால் போதும் என்று கடைக்காரர் சொன்னார், வேண்டாம் என்றுவிட்டேன். மாட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பழையடயர்

நான்கு போட்டது நல்லது. இரண்டுதான் என்றாலும் புதியது பின்னால்தான் போக வேண்டும், முன்சக்கர இழுவை வண்டியாக இருந்தாலும் சரி. ஈரத்தில் முன்பக்கம் நழுவினால் வேகத்தைக் குறைத்து மீட்டுவிடலாம். பின்பக்கம் சுழன்றால் நம்மில் பலரால் முடியாது.

இது இரு பக்கமும் வேறு வேறு பட்டன் உள்ள டயர். பக்கச்சுவரில் "அவுட்சைடு" என்று எழுதியிருக்கும் பக்கம் நான்கிலும் வெளியே தெரிகிறதா என்று கடையை விட்டு இறங்கும் முன் ஒரு சுற்று நடந்து பாருங்கள். போல்ட்டை ஏர் கன்னில் முறுக்கி முடிக்காமல் டார்க் ரெஞ்சில் இறுக்கச் சொல்லுங்கள்.

காற்று, பெட்ரோல் மூடிக்கு உள்ளே ஒட்டியிருக்கும் அளவுதான், டயர் ஆறியிருக்கும்போது. பங்கில் எல்லா வண்டிக்கும் ஒரே அளவைப் பிடிப்பார்கள். கூடுதலாகப் பிடித்தால் சத்தமும் குலுக்கலும் கூடும், குறைவாக இருந்தால் தேங்கிய தண்ணீரில் சீக்கிரம் மிதக்கும். முதல் 300 கிலோமீட்டர் நிதானமாகப் போங்கள். புது டயரின் மேல் அதை வார்த்த அச்சிலிருந்து வந்த வழுவழுப்பு இருக்கும், அது போன பிறகுதான் பிடிப்பு வரும். அதுவரை வால்பாறை வேண்டாம். 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றுங்கள், மாற்றும்போது அந்த உள் ஓரத்தைத் தடவிப் பாருங்கள்.

பொள்ளாச்சிக்காரன்

பழைய நான்கையும் என்ன செய்யப் போகிறீர்கள்? மாட்டு வண்டிக்குக் கேட்டு ஒருவர் இருக்கிறார்.