சொட்டும் இடம் ஒன்று, ஓட்டை வேறு இடம்: நம்ம பக்கத்துக் கூரை அனுபவங்கள்

காங்கேயத்துக்காரன்

ஏனுங்க, போன சித்திரையில் எங்கள் வீட்டில் பட்ட பாட்டை எழுதுகிறேன். உங்கள் வீட்டுக் கதையையும் கீழே போடுங்கள்.

வீடு 1998இல் அப்பா கட்டியது. ஒரே தளம், மேலே தட்டோடு பதித்த மொட்டை மாடி. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம் மழை மறைவுப் பகுதி என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை வருஷம் முழுக்க அனுபவிக்கிறோம். ஆனால் கோடை மழை வந்தால் மட்டும் பொழுதோட மேற்கே கறுத்து, சூறைக்காற்றோடு அரை மணி நேரம் கொட்டித் தீர்த்துவிடும். அந்த அரை மணி நேரத்தில் ஆசாரத்து (கூடத்து) விசிறிக் கொக்கியில் இருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். அம்மா கீழே போசியை, அதாவது பாத்திரத்தை, வைத்தார்.

மறுநாள் மேலே ஏறிப் பார்த்தேன். விசிறிக்கு நேர் மேலே தட்டோட்டில் மயிரிழை விரிசல். கண்டுபிடித்தாயிற்று என்று ஒரே சந்தோஷம். வாட்டர்புரூஃப் பெயின்ட் ஒரு வாளி வாங்கி வந்து, வெயிலில் சீக்கிரம் காயுமே என்று மத்தியானம் ரெண்டு மணிக்கு அடித்தேன். தோசைக்கல்லில் மாவு ஊற்றின மாதிரி ஓட்டை ஓட்டையாகக் கொப்புளம். அடுத்த மழைக்குப் போசி திரும்ப வந்தது. அப்புறம் வெள்ளை சிமென்ட். அப்புறம் சிலிகான் டியூப். தூசியைத் துடைக்காமல் பிதுக்கினதால் அது பத்தே நாளில் ரப்பர் நாடா மாதிரி உரிந்து கையோடு வந்தது.

கடைசியில் வயதான கொத்துக்காரர் ஒருவரைக் கூட்டி வந்தேன். விரிசலைக் காட்டினேன், அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "மொதல்ல விசிறிக்குப் போற கரண்டை ஆஃப் பண்ணுங்க தம்பி. தளத்துக்குள்ள ஒயர் போற குழாய் இருக்குதுல்ல, தண்ணி அது வழியா நடந்து வருது" என்றார். மேலே போய், மழைத்தண்ணீர் இறங்கும் குழாய் வாயைச் சாக்கால் அடைத்தார். களிமண்ணில் வரப்புக் கட்டித் தளத்தை நாலு பாத்தியாகப் பிரித்தார். ஒரு நாளைக்கு ஒரு பாத்தி, ரெண்டு விரற்கடை தண்ணீர். விசிறிக்கு மேலே இருந்த பாத்தியில் நாள் முழுக்கத் தண்ணீர் நின்றும் கீழே ஈரமே இல்லை. மூன்றாம் நாள், மேற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டிய பாத்தி. ராத்திரி ஒன்பது மணிக்கு விசிறியில் சொட்டியது. சுவருக்கும் விசிறிக்கும் பதினோரு அடி தூரம்!

கைப்பிடிச் சுவர் செங்கல், தளம் கான்கிரீட். ரெண்டும் வெயிலுக்கு ஒரே அளவில் விரிவதில்லை. கால் வைக்க முடியாமல் கொதிக்கும் தளத்தில் திடீரென்று மழை விழுந்தால் மேல் தோல் சட்டென்று சுருங்கும். இப்படியே இருபத்தைந்து வருஷம் இழுபட்டு, சுவரின் அடியில் ஒரு கோடு நீளமாகப் பிரிந்திருந்தது. நான் மழையைத் திட்டிக்கொண்டிருந்தேன். "அது வெறும் சாட்சிதானுங்க, ஒடைச்சது வெய்யல்" என்றார்.

அந்தக் கோட்டை வாய் அகலமாகவும் அடி ஒடுக்கமாகவும் கொத்தி, தூசியைத் தட்டி, நனைத்து, லேட்டக்ஸ் கலந்த சிமென்ட் கலவையை வைத்து அடைத்தார். மூலை சதுரமாக இருந்தால் தண்ணீர் தங்கும் என்று சரிவாகப் பூசினார். எல்லாமே காலை ஆறு மணியில் இருந்து ஒன்பதுக்குள். அதற்கு மேல் வெயில் கலவையில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும், பூச்சு அன்றைக்கே வெடிக்குமாம். ஒரு வாரம் ஈரச் சாக்கைப் போட்டு, பொழுதுக்கு மூன்று தடவை நனைத்தது நான்தான்.

—

வெள்ளகோவில் வாசி

அண்ணா, பாத்தி கட்டினது அருமை. ஆனால் ஒன்று. பழைய தளம், கம்பி துருப்பிடித்துக் காரை உதிர்கிற தளம் என்றால் தண்ணீர் கட்டாதீர்கள். ரெண்டு விரற்கடை தண்ணீரே பத்துக்குப் பத்து அறைக்கு முந்நூறு கிலோவைத் தாண்டும்.

—

மூலனூர் அக்கா

எங்களுடையது சீமை ஓட்டு வீடுங்க. எங்களுக்கு வெயிலும் மழையும் மட்டும் எதிரி இல்லை, மயிலும்தான்.

சிரிக்காதீர்கள். பொழுது சாய்ந்தால் நாலைந்து மயில் மோட்டு வளையில் வந்து உட்காரும். இறங்கும்போது நாலு கிலோ எடை தொப்பென்று விழும். ஓடு நகரும், சில சமயம் மூக்கு உடையும். தேசியப் பறவை, 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தில் இருப்பது. கல்லெடுத்து வீசவும் மனசு வராது, வீசவும் கூடாது. நகர்ந்த ஓடு கீழிருந்து பார்த்தால் தெரியாது. உச்சி வெயிலில் அறைக் கதவைச் சாத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பேன், எங்கே வெளிச்சப் புள்ளி தெரிகிறதோ அங்கே நீளக் குச்சியை விட்டு ஓட்டைக் கீழிருந்தே மேலே தள்ளிச் சரி செய்வேன். கூரை மேல் ஏறுகிற வேலையே பாதி மிச்சம்.

உடைந்த ஓட்டுக்குப் பதில் ஓடு கிடைப்பதுதான் பெரும்பாடு. ஒவ்வொரு தொழிற்சாலை ஓட்டுக்கும் கொக்கியும் பள்ளமும் வேறு வேறு. புது ஓட்டை நடுவில் சொருகினேன், பக்கத்து ஓட்டோடு கவ்வாமல் தூக்கிக்கொண்டு நின்றது, அது வழியே முன்னைவிட அதிகமாக ஒழுகியது. இப்போது வீடு இடிக்கிற இடத்தில் பழைய ஓடு வாங்கிப் பொடக்காளியில் (புழக்கடையில்) அடுக்கி வைத்திருக்கிறேன். அதில் சிலவற்றில் 1865 என்று அச்சு இருக்கிறது. ஓட்டுக்கு நூற்றறுபது வயசு என்று என் மகன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். அது மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கின வருஷம், கண்ணு!

ரொம்ப ஒழுகுகிற மூலையில் ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டத்துக்கு மேலே பழைய பிளக்ஸ் பேனரை விரித்து அதன் மேல் ஓடு வேய்ந்தோம். நன்றாகத்தான் இருக்கிறது. என்ன, படுத்தால் கொழுந்தன் மகள் காதுகுத்து முகம் தலைகீழாகத் தெரியும்.

—

ஆனைமலை ரோடு

கட்டுத்தரைக்கு (மாட்டுக் கொட்டகைக்கு) சிமென்ட் ஷீட் போட்டவர்கள் இதைப் படியுங்கள். நாலு வருஷத்துக்கு முன் தென்னை மட்டை விழுந்து ஒரு ஷீட் விரிசல் விட்டது. என் மச்சான் தார்ப்பட்டையும் கையுமாக ஏறினான். "மாமா, புடிச்சுக்குங்க" என்று சொல்லி வாய் மூடவில்லை, வலது கால் ஷீட்டைத் துளைத்துக்கொண்டு கீழே வந்துவிட்டது. கீழே எருமை நின்றிருந்தது. மற்ற கால் சட்டத்தில் மாட்டியதால் தப்பித்தான். தொடையில் பதினாறு தையல்.

வெயிலில் வருஷக்கணக்கில் கிடந்த ஷீட் பார்க்கக் கெட்டியாகத் தெரியும், மனுஷன் எடையைத் தாங்காது. போல்ட் போகிற வரிசைக்கு அடியில்தான் சட்டம் இருக்கும். அந்த வரிசையின் குறுக்கே பலகையைப் போட்டு, பலகை மேல்தான் கால் வைக்க வேண்டும். பழைய ஷீட்டைக் காய்ந்தபடியே அறுக்கவும் துளைக்கவும் வேண்டாம், அதில் இருப்பது ஆஸ்பெஸ்டாஸ் நார். தூசி நெஞ்சுக்கு ஆகாது.

அப்புறம் தகர ஷீட். இருபதடி ஷீட் காலைக் குளிருக்கும் மத்தியானச் சூட்டுக்கும் நடுவே ரெண்டு மூன்று மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். தினமும். திருகு ஆடி ஆடித் துளை பெரிதாகும், ரப்பர் வாஷர் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். நான் வருஷம் ஒரு தடவை, சித்திரைக்கு முன்னால், வாஷரை மட்டும் மாற்றுகிறேன். ஆடிக் காற்றுக்குப் பயந்து மேலே மணல் மூட்டை வைக்கிறவர்களுக்கு: பிளாஸ்டிக் சாக்கு ஒரு கோடை தாங்காது. கிழிந்து மணலெல்லாம் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கியது எங்கள் வீட்டில். காற்று ஓரத்தில் புகுந்துதான் ஷீட்டைத் தூக்கும். மூட்டைக்குப் பதில் ஓர வரிசையில் கொக்கி போல்ட்டை நெருக்கமாகப் போடுங்கள்.

—

கோபிக்காரன், இப்போது ஃபீனிக்ஸ்

அரிசோனாவில் இருந்து எழுதுகிறேன். இங்கே 2023 கோடையில் தொடர்ந்து 31 நாள் 43 டிகிரியைத் தாண்டியது. பாலைவனம் என்றாலும் மழைக்காலம் உண்டு, ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். முதலில் தூசிச் சுவர் வரும், அப்புறம் காற்று, அப்புறம் கொட்டு மழை. நம்ம சித்திரை மழையேதான், அண்ணன் மாதிரி.

எங்கள் வீடும் ஓடு. ஆனால் இங்கே தண்ணீரைத் தடுப்பது ஓடு இல்லை என்று வீடு வாங்கின பிறகுதான் தெரிந்தது. ஓடு நிழலுக்கு. அதற்கடியில் விரித்த தார்த்தாள்தான் உண்மையான கூரை. ஓடு காலத்துக்கும் இருக்கும், தாள் இருபது முப்பது வருஷத்தில் சூட்டிலேயே வறண்டு அப்பளமாகிவிடும். போன ஜூலையில் காற்று ரெண்டு ஓட்டை நகர்த்திவிட்டது. அந்த இடத்தில் தாளுக்கு நேர் வெயில். நான் அடுத்த மாசம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன், அதற்குள் அது பொடியாகி அறைக்கூரையில் டீக்கறை மாதிரி வட்டம். காலை ஐந்து மணிக்கு ஏறி, கிழிந்ததற்கு மேலே புதுத் துண்டை, மேல் வரிசைத் தாளுக்கு அடியில் சொருகி ஒட்டினேன். மேலிருந்து வரும் தண்ணீர் துண்டின் மேல் ஓட வேண்டும் அல்லவா.

மூலனூர் அக்கா, நீங்கள் விரித்த காதுகுத்து பேனருக்கு இங்கே ஆயிரக்கணக்கில் டாலர் வாங்குகிறார்கள்.

—

ஈரோடு, சூரம்பட்டி

2024 ஏப்ரலில் எங்கள் ஊர் 42 டிகிரியைத் தாண்டினபோது மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தேன். கல் சுண்ணாம்பை ராத்திரி ஊற வைத்து, வடிகட்டி, கொஞ்சம் பெவிகால் கலந்து, சாயந்திரம் ரெண்டு கோட். ராத்திரி விசிறிக் காற்று அனலாக வருவது குறைந்தது, அது நிஜம். ஆனால் ஒழுகலுக்கு இது மருந்து இல்லை. வெள்ளையாக இருக்கிறது, இனி ஒழுகாது என்று என் வீட்டுக்காரர் பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லிவிட்டார். ஐப்பசி அடைமழையில் அவரே போசி எடுத்து வைத்தார்.

ஒன்று மட்டும்: அடிப்பதற்கு முன் தண்ணீர் இறங்கும் குழாய் வாயைச் சீமாறால் கூட்டுங்கள். எங்களுக்கு ஒழுகினதற்குப் பாதிக் காரணம் வேப்பஞ்சருகு அடைத்துக் குளம் கட்டினதுதான்.

—

காங்கேயத்துக்காரன்

எல்லோருக்கும் நன்றிங்க. நேற்று பொழுதோட நல்ல மழை, கூடவே ஆலங்கட்டி. விசிறிக்கடியில் அம்மா பழக்க தோஷத்தில் போசியை வைத்துவிட்டார். விடியக்காலையில் பார்த்தால் எலும்பு மாதிரி காய்ந்து கிடக்கிறது.

சமையல்கட்டுப் பக்கம் தெற்குச் சுவரில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஈரத் திட்டு. முன்பு இல்லை. மேலே அதே இடத்தில்தான் சோலார் ஹீட்டர் குழாய் இறங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை களிமண் எடுத்து வரப்போகிறேன்.