இம்பாலிலிருந்து பின்வாங்கியவர்கள் பற்றி விவரம் வேண்டும்

வணக்கம். மலேயா ரப்பர் தோட்டத்திலிருந்து நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சேர்ந்தவர் எங்கள் தாத்தா. அந்தப் படையின் காந்தி பிரிகேட், மணிப்பூரில் இம்பால் அருகே பலேல் பக்கம் சண்டை என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

1944 மார்ச்சில் இம்பாலைப் பிடிக்க பர்மாவிலிருந்து ஐ.என்.ஏ.வோடு சேர்ந்து வந்த ஜப்பானியர் மூன்று வாரச் சாப்பாட்டோடுதான் கிளம்பினார்கள். மீதிக்கு இம்பால் கிடங்கைப் பிடித்துவிடலாம் என்ற கணக்கு. இம்பால் விழவில்லை. கோஹிமாவிலிருந்து ஜப்பானியத் தளபதி சாட்டோ மேலிட உத்தரவை மீறியே தன் டிவிஷனைத் திருப்பினார். ஜூலையில் எல்லோருக்கும் பின்வாங்க உத்தரவு. கொட்டும் மழையில் பசியும் மலேரியாவும் வயிற்றுப்போக்கும் எத்தனை பேரை வழியிலேயே வாரிக்கொண்டன! தாத்தா கடைசிவரை தட்டில் ஒரு பருக்கை விட்டதில்லை.

பர்மா எல்லையிலுள்ள தாமுவிலிருந்து அங்கே ஓடும் சிந்த்வின் ஆறு வரை நடந்தவர்களின் டைரி, கடிதம் யாரிடமாவது இருக்கிறதா? டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் ஐ.என்.ஏ. கோப்புகளைப் பார்த்தவர்கள், எப்படி விண்ணப்பித்தீர்கள் என்று சொல்லுங்கள். பாட்டிக்கு 94 வயது. அவர் இருக்கும்போதே தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும்.