நீளம் தாண்டுதலைக் காணொளி மூலம் கற்பித்தல்: எப்படிப் பதிவு செய்வது?

கேள்வி:
நடுநிலை வகுப்பு மாணவர்களுக்கு நீளம் தாண்டுதலைக் கைபேசியில் பதிவு செய்து காட்டுகிறேன். அவர்களோ தாண்டிய தூரத்தை மட்டுமே பார்க்கிறார்கள். கால் ஊன்றி எழும் விதத்தைக் கவனிப்பதில்லை. எப்படிப் பதிவு செய்து, எப்போது காட்டினால் பயன் தரும்?

பதில் 1:
ஊன்றி எழும் கால், தாண்டும் இடத்திலுள்ள பலகையில் பதிந்திருக்கும் நேரம் ஏறத்தாழ 0.12 வினாடிதான். வினாடிக்கு 30 படங்கள் எடுக்கும் சாதாரணப் பதிவில் அந்தக் கட்டத்துக்கு மூன்று, நான்கு படங்களே கிடைக்கும். 240 படங்கள் எடுக்கும் மெதுவியக்கப் பதிவிலோ ஏறக்குறைய 29 கிடைப்பதால், பாதம் பதிவதிலிருந்து முழங்கால் நிமிர்வது வரை நிறுத்தி நிறுத்திக் காட்டலாம். கைபேசியைத் தாங்கியில் பொருத்தி, பலகைக்கு நேராக, ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் வையுங்கள். சாய்வாக எடுத்தால் உடலின் கோணங்கள் தவறாகத் தெரியும்.

பதில் 2:
படம் தெளிவாக இருந்தால் மட்டும் போதாது. புதிதாகக் கற்பவருக்கு எதைப் பார்ப்பது என்று தெரியாது. ஆகவே காட்டுவதற்கு முன்பே, "வீசி உயர்த்தும் காலின் முழங்கால் இடுப்பளவுக்கு வருகிறதா, பார்" என்று ஒரே ஒரு குறிப்பைச் சொல்லுங்கள். பார்த்த கையோடு மீண்டும் தாண்டவிடுவது மிக முக்கியம். சில வினாடிகள் தாமதித்துக் காட்டும் செயலி இருந்தால், மாணவர் மணற்குழியிலிருந்து எழுந்து வந்து தம் தாண்டலைத் தாமே பார்க்கலாம். உங்களுக்கும் கை ஓய்வாக இருக்கும்.

பதில் 3:
பதிவு செய்யுமுன் பெற்றோரின் ஒப்புதலைப் பெறுங்கள். ஒருவரின் பிழையை வகுப்பு முழுவதற்கும் திரையிடாதீர்கள். கூச்சப்படும் பிள்ளை அடுத்த முறை ஓடவே தயங்கும்.