காற்று நின்ற பிறகு கிடைக்கும் இரண்டு நாள்: ஓடை அடைப்பு எடுத்த அனுபவங்கள்

தேவிபட்டினம் பக்கத்திலிருந்து

2020 டிசம்பரில் புரெவி புயல் வந்ததை நம் ராமநாதபுரம் பக்கத்து ஆட்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கி, பாம்பனை நெருங்கும்போது வலு குறைந்து அங்கேயே நின்றுவிட்டது. பயந்த அளவுக்குக் காற்று இல்லை. தப்பித்தோம் என்று ஊரே பெருமூச்சு விட்டது. எங்கள் தெருவுக்குள் தண்ணீர் ஏறியது அதற்குப் பிறகுதான்.

எங்கள் ஊர் தேவிபட்டினத்துக்கு வடக்கே, ஈசிஆருக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. மேற்கே கண்மாய். நிறைந்தால் மிச்சத் தண்ணீர் கலுங்கு வழியே மறுகால் பாயும். அந்தத் தண்ணீர் ஓடையில் விழுந்து, தரவை என்கிற உவர் தரிசைத் தாண்டி, உப்பங்கழி வழியாகக் கடலுக்குப் போகவேண்டும். இடையில் ஊருக்குள் வரும் தார்ச்சாலைக்கு அடியில் மூன்று சிமெண்ட் குழாய் பதித்த சின்னப் பாலம் ஒன்று. வருடத்தில் பத்து மாதம் அந்தக் குழாய்க்குள் ஆடுகள்தான் நிழலுக்குப் படுத்திருக்கும். அதனால் அது தண்ணீர் போகிற வழி என்பதே யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

ராத்திரி இரண்டு மணி இருக்கும். அப்பத்தா கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டவர், "தண்ணி வந்துருச்சுய்யா" என்று கூப்பிட்டார். விளக்கைப் போட முடியவில்லை, கரண்ட் இல்லை. விடியும்போது மாமாவும் நானும் சாலைக்குப் போய்ப் பார்த்தோம். பாலத்துக்கு மேற்கே இடுப்பளவு தண்ணீர் தேங்கி நிற்கிறது. கிழக்கே கணுக்காலுக்குக்கூட இல்லை. அதைப் பார்த்த பிறகு வேறு யோசனைக்கு இடமே இல்லை.

பாலத்தின் மேல் குப்புறப் படுத்து டார்ச் அடித்தேன். நடுக்குழாயின் வாயில் ஒரு பனை மட்டை குறுக்கே மாட்டியிருந்தது. அதன் கருக்கு இரண்டு பக்கமும் சிமெண்டைக் கவ்வியிருந்தது. மட்டையின் மேல் கிழிந்த நண்டு வலை ஒன்று, மிதவையாகக் கட்டியிருந்த நீல நிறக் கேனோடு சுற்றிக் கிடந்தது. வலைக்குள் சீமைக்கருவேல மிளாறு. அந்த முள்ளில் வைக்கோல், பாலித்தீன் பை, கருவேல நெற்று, செத்த நண்டின் ஓடு. எல்லாவற்றுக்கும் மேலே சேறு பூசி, கூரை வேய்ந்த மாதிரி இறுகியிருந்தது. மற்ற இரண்டு குழாயும் ஏறக்குறைய இதே கதைதான்.

இன்றுவரை என் மனதை அறுப்பது ஒன்று உண்டு. அந்த மட்டை முதல் நாள் காற்றிலேயே விழுந்தது. ஓடைக்குள் கிடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். வீட்டுக் கூரையில் இரண்டு தகடு பெயர்ந்திருந்தது, அந்தக் கவலையில் தாண்டிப் போனேன். காற்று ஓய்ந்து கனமழை பிடிப்பதற்குள் ஒன்றரை நாள் இருந்தது. அன்று இரண்டு பேர் இறங்கியிருந்தால் பத்து நிமிட வேலை.

அடைப்பு எடுக்கும்போதும் தவறு செய்தோம். மாப்பிள்ளை ஒருவர் மேற்குப் பக்கம், தண்ணீர் தேங்கி நிற்கும் பக்கமாகவே இறங்கி மட்டையைக் காலால் உதைத்தார். மட்டை கொஞ்சம் நகர்ந்ததும் அவருடைய காலைத் தண்ணீர் குழாய்க்குள் இழுத்துவிட்டது. மார்பு வரை மூழ்கிவிட்டார். இடுப்பில் கயிறு கட்டியிருந்ததால் நான்கு பேர் சேர்ந்து தூக்கினோம். கயிறு வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தது மாமா. அவர் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

அதன் பிறகு யாரும் தண்ணீரில் இறங்கவில்லை. கரையில் கிடந்த வத்தை என்கிற சிறு படகிலிருந்து சின்ன நங்கூரத்தை எடுத்து வந்தோம். அதை அடைப்புக்குள் எறிந்து, கொக்கி மாட்டியதும் சாலையில் நின்றபடி எட்டுப் பேர் வடம் பிடித்தோம். மூன்றாவது இழுப்பில் வலையும் மட்டையும் ஒன்றாகப் பெயர்ந்து வந்தன. குழாய் ஒரு முறை மடக்கென்று விழுங்கியது. பிறகு உறுமிக்கொண்டே ஓட ஆரம்பித்தது. காலுக்குக் கீழே சாலை அதிர்ந்தது. மத்தியானத்துக்குள் தெருவில் தண்ணீர் வடிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அப்பத்தா சொன்னது இது. 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியை அழித்த புயலில் எங்கள் ஊரிலும் பனையும் கூரையும் போயின. அப்போது அவர் சிறுபிள்ளை. மறுநாள் ஆம்பளைகள் எல்லோரும் அரிவாளும் மம்பட்டியுமாக முதலில் ஓடைக்குத்தான் போனார்களாம். கூரை இல்லாமல் ஒரு ராத்திரி பிள்ளைகளோடு கோயில் மண்டபத்தில் இருந்துகொள்ளலாம், ஓடை அடைத்தால் மண்டபத்துக்கும் தண்ணீர் வரும் என்று அவருடைய ஐயா சொன்னாராம்.

2020 புரெவிக்குப் பிறகு எங்கள் தெரு ஆட்கள் காற்று நின்ற அன்றே ஓடையைப் பார்த்துவிடுகிறோம். உங்கள் ஊரில் எப்படி? நடந்ததை எழுதுங்கள்.

கீழக்கரை – ஏர்வாடி நடுவில் இருந்து, கடல் தொழில் செய்பவர்

நங்கூரம் போட்டு இழுத்தது நல்ல யோசனை. நாங்களும் அதைத்தான் செய்கிறோம், வடம் மட்டும் தடிமனாக இருக்கவேண்டும். அறுந்தால் இழுக்கிறவர்கள் மேல் அடிக்கும்.

என் அனுபவம் ஓடையின் வாயைப் பற்றியது. பாலத்தை எல்லோரும் பார்க்கிறார்கள், கடல் வாயை யாரும் பார்ப்பதில்லை. எங்கள் ஊர் ஓடை கடலில் சேரும் இடத்தில், மழை இல்லாத மாதங்களில் அலை மணலை ஒதுக்கி ஒரு திட்டு போட்டுவிடும். மேலே எவ்வளவு சுத்தம் செய்தாலும் அந்தத் திட்டு இருந்தால் தண்ணீர் திரும்பி வந்து ஊருக்குள்தான் நிற்கும். புயலுக்குப் பிறகு பார்த்தால் அதே திட்டின் மேல் ஒதுங்கிய பாசி, மரக்கட்டை, தெர்மாகோல் எல்லாம் இன்னொரு அடுக்கு ஏறியிருக்கும்.

அதை வெட்டுவதற்கு நேரம் பார்க்கவேண்டும். வத்தம், அதாவது கடல் வடிவது, தொடங்கும்போது வெட்டவேண்டும். கடல் ஏறுகிற ஏத்தத்தில் வெட்டினால் கடல் தண்ணீர் உள்ளே வந்து வயலையும் ஊருணியையும் கெடுத்துவிடும். கடல் பக்கத்திலிருந்து உள் பக்கமாக மம்பட்டியால் இரண்டு முழ அகலத்துக்கு ஒரு சால் பறித்தால் போதும். உள் பக்கம் கடைசி ஒரு முழத்தை விட்டுவைத்து, எல்லோரும் கரையேறிய பிறகு ஒரே ஆள் அதை உடைத்துவிட்டு விலகிவிட வேண்டும். பிறகு தண்ணீரே வழியை அகலமாக்கிக்கொள்ளும். ஒரு முறை நாங்கள் வெட்டிய சால், சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கும்போது ஒரு நாட்டுப்படகு போகிற அகலத்துக்கு விரிந்திருந்தது.

தேவிபட்டினத்துக்காரர்களுக்கு எங்களைவிடச் சிரமம் அதிகம். மழைக்காலத்தில் வாடைக்காற்று வடகடலின், அதாவது பாக் நீரிணைப் பக்கத்துத் தண்ணீரைக் கரையோடு தள்ளி வைத்திருக்கும். அங்கே ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் வித்தியாசமும் குறைவு. தென்கடலில், எங்கள் மன்னார் வளைகுடாவில், அந்தக் காலத்தில் கடல் அடங்கித்தான் இருக்கும், அதனால்தான் அந்தப் பக்கத்துப் படகுகள் எல்லாம் இங்கே வருகின்றன. ஆகவே வாடை கொஞ்சம் தணிகிற நேரத்தைப் பார்த்து நீங்கள் வாயைத் திறக்கவேண்டும்.

இன்னொரு வேண்டுகோள். ஓடையில் எடுத்த வலையைக் கடலில் தள்ளிவிடாதீர்கள். எங்கள் முன்னால் இருக்கும் 21 தீவும் தேசியப் பூங்கா, ஆமையும் கடல்பசுவும் மேய்கிற இடம். அறுந்த வலை கடலுக்குள் போனாலும் மீன் பிடித்துக்கொண்டேதான் இருக்கும்.

தங்கச்சிமடத்திலிருந்து

நாங்கள் ராமேஸ்வரம் தீவில் இருப்பவர்கள். மணல் தரை, எவ்வளவு பெய்தாலும் உறிஞ்சிவிடும் என்று அசையாத நம்பிக்கையோடு இருந்தோம். 2024 நவம்பர் 20 அந்த நம்பிக்கையை உடைத்துவிட்டது. பாம்பனில் மூன்று மணி நேரத்துக்குள் 19 செ.மீ. கொட்டியது. ராமேஸ்வரத்தில் அன்று ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல். அது புயலும் இல்லை, காற்றும் இல்லை, வெறும் மழை.

எங்கள் வீதியில் சாலையோர வடிகால் மூடியிருந்த பலகைக்கல்லை நானும் பக்கத்து வீட்டு அக்காவும் கடப்பாரையால் நெம்பித் தூக்கினோம். உள்ளே மட்டையும் முள்ளும் இல்லை, துணி. நனைந்து கயிறாக முறுக்கிய சேலை, வேட்டி, துண்டு. அதோடு தண்ணீர் பாட்டில்கள். யாத்திரை வருகிற ஊர், எங்கே விட்ட துணியோ. ஒரு சேலையை இழுத்தால் அதைப் பிடித்துக்கொண்டு அடுத்தது வருகிறது. பதினான்கு உருப்படி எடுத்தோம். கடைசியாக ஒரு குழந்தையின் சட்டை வந்தது, அதோடு தண்ணீர் இறங்கிவிட்டது.

என் மகனுக்கு அதற்கடுத்த வாரம் கடும் காய்ச்சல். எலிக்காய்ச்சல் என்று சொன்னார்கள். வடிகால் தண்ணீரில் வெறுங்காலோடு நின்றவன், காலில் சிராய்ப்பு இருந்தது. நல்லவேளை சீக்கிரம் கண்டுபிடித்து மருந்து கொடுத்ததால் தேறிவிட்டான். தயவுசெய்து பிள்ளைகளை இந்த வேலைக்கு விடாதீர்கள். பெரியவர்களும் பூட்ஸ் இல்லாமல் இறங்கவேண்டாம். காய்ச்சல் வந்தால் வெள்ளத்தில் நின்றதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஆர்.எஸ்.மங்கலம் ஆயக்கட்டு விவசாயி

நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பேர் வாங்கிய கண்மாய் எங்களுடையது. அந்த நாற்பத்தெட்டுக்கும் வாய்க்கால் உண்டு, அத்தனையிலும் கருவேலம் உண்டு.

கரி மூட்டம் போடுகிறவர்கள் வந்து வெட்டுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, நம் மாவட்டத்தில் எத்தனையோ வீட்டில் அடுப்பெரிவது அந்த வேலையால்தான். ஆனால் அவர்கள் கட்டையைக் கொண்டுபோகிறார்கள், முள் மிளாறு வாய்க்காலிலேயே கிடக்கிறது. மரம் நின்றபோது தண்ணீர் அதைச் சுற்றியாவது ஓடியது. வெட்டிப்போட்ட மிளாறு மிதந்து போய் அடுத்த குழாயை அடைக்கிறது. மேலே ஒருவர் எழுதிய அடைப்பில் இருந்த மிளாறும் இப்படி வந்ததாகத்தான் இருக்கும். இப்போது நாங்கள் பேசும்போதே சொல்லிவிடுகிறோம்: முள்ளையும் கரையேற்றினால்தான் கட்டை. சம்மதித்துத்தான் வெட்டுகிறார்கள்.

தூரோடு பிடுங்கவில்லை என்றால் அடுத்த மழைக்கே ஒன்றுக்கு ஐந்தாகத் துளிர்க்கும். அதற்கு ஜேசிபி வேண்டும், அது கோடையில் செய்யவேண்டிய வேலை.

யாரிடம் கேட்பது என்று பலருக்குக் குழப்பம் இருக்கிறது. ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் உள்ள கண்மாய் பொதுப்பணித் துறை வழி வந்தது, இப்போது நீர்வளத் துறையில் கேட்கவேண்டும். அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியம். மனுவில் இதை மாற்றி எழுதினால் ஒரு மழைக்காலமே போய்விடும். எங்களுக்கு ஒரு முறை அப்படிப் போனது.

தேவிபட்டினம் பக்கத்திலிருந்து (மறுபடியும்)

எல்லோருக்கும் நன்றி. கீழக்கரை அண்ணன் எழுதியதைப் படித்த பிறகுதான் 2021-இல் நாங்கள் செய்த தவறு எனக்கே புரிகிறது. அந்த வருடம் சுறுசுறுப்பாகக் கலுங்கிலிருந்து ஆரம்பித்துக் கீழே சுத்தம் செய்துகொண்டு வந்தோம். நாங்கள் மேலே கிளறிவிட்டதெல்லாம் மிதந்து வந்து உப்பங்கழியின் குறுகலில் சேர்ந்து, அங்கே புது அடைப்பு போட்டுவிட்டது. இப்போது கடல் வாயிலிருந்து தொடங்கி மேற்கே ஏறுகிறோம். எடுத்த குப்பையை ஓடைக்கரையிலேயே குவிப்பதையும் நிறுத்திவிட்டோம், அடுத்த மழை அதை மறுபடி உள்ளே தள்ளுகிறது. மட்டையை வேலி கட்டவும் அடுப்பெரிக்கவும் ஊர்ப் பெண்கள் கொண்டுபோகிறார்கள். வலையைச் சாக்கில் கட்டி ஊராட்சி வண்டியில் ஏற்றிவிடுகிறோம்.

தனிச்செய்தியில் இரண்டு பேர் பாம்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆமாம், இருக்கும். வெள்ளத்தில் பொந்து மூழ்கியதும் மட்டைக் குவியலில்தான் ஏறிப் படுத்திருக்கும். நாங்கள் பார்த்தது ஒரு கண்ணாடி விரியன். கையால் எதையும் தூக்குவதற்கு முன்னால் தொரட்டிக் கம்பால் தட்டிப் புரட்டிவிட்டுத்தான் தொடுகிறோம். கடித்தால் கட்டுப் போடுவது, கீறிவிடுவது எதுவும் வேண்டாம், அசைக்காமல் நேராக ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். அறுந்த கரண்ட் கம்பி கண்ணில் பட்டால் அந்த இடத்து வேலையை அப்படியே நிறுத்திவிட்டு மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்குச் சொல்லிவிடுங்கள். தண்ணீர் ஊருக்குள் ஏறிவிட்டால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077.

போன ஞாயிற்றுக்கிழமை பாலத்துக் குழாய் மூன்றிலும் கம்பு விட்டுப் பார்த்தோம். இரண்டு சுத்தம். மூன்றாவதில் பாதி வரைக்கும் மணல் இருக்கிறது, அதை வரும் ஞாயிறு எடுக்கிறோம். அந்த நங்கூரமும் வடமும் இப்போது மாமா வீட்டுத் திண்ணையில் தொங்குகின்றன. ராத்திரியில் யார் வேண்டுமானாலும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவைத்திருக்கிறார்.