300 நானோமீட்டர் ஆக்சைடை எலிப்சோமீட்டர் 14 என்று காட்டுகிறது. எங்கே தவறு?

ஆய்வக எலி:
வணக்கம். உலையில் வளர்த்த சிலிக்கான் டை ஆக்சைடு, சிலிக்கான் வேஃபர் மேல். எங்கள் ஆய்வகத்தில் இருப்பது பழைய ஒற்றை அலைநீள எலிப்சோமீட்டர் (பட்டுத் திரும்பும் ஒளியை வைத்து மெல்லிய படலத்தின் தடிமனைச் சொல்லும் கருவி): ஹீலியம்-நியான் லேசர், 632.8 நானோமீட்டர், படுகோணம் 70 பாகை. ஆக்சைடின் ஒளிவிலகல் எண்ணை 1.457 என்று நிலையாகக் கொடுத்தேன். தடிமன் 14.1 நானோமீட்டர் என்கிறது. எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தாலும் 14.0, 14.2 என்றுதான் வருகிறது.

சிக்கல் என்னவென்றால், ஓரத்தில் ஆக்சைடை அரித்துவிட்டு ஊசி புரோஃபைலோமீட்டரில் படியை அளந்தால் ஏறக்குறைய 300 வருகிறது. "ஊசியை நம்பாதே, எலிப்சோமீட்டர்தான் துல்லியம்" என்கிறார் வழிகாட்டி. லேசரை அரை மணி நேரம் சூடாக விட்டேன், மேடையைச் சமன் செய்தேன். 110 நானோமீட்டர் சோதனை வேஃபரைச் சரியாகவே காட்டுகிறது. செவ்வாய்க்கிழமை குழுக் கூட்டம். யாராவது உதவுங்கள்.

பழைய லேசர்:
கருவியை விடுங்கள் தம்பி. வேஃபரை டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்தால் என்ன நிறம் தெரிகிறது?

ஆய்வக எலி:
நேராகப் பார்த்தால் ஊதா கலந்த நீலம் சார். சாய்த்தால் சிவப்புப் பக்கம் போகிறது.

பழைய லேசர்:
அப்படியானால் ஊசி சொன்னதுதான் சரி. 14 நானோமீட்டர் ஆக்சைடுக்கு நிறமே இருக்காது, வெறும் சிலிக்கான் மாதிரி சாம்பல் பளபளப்பாகத்தான் தெரியும்.

உங்கள் கருவியிலும் பழுது இல்லை. அது தடிமனை அளப்பதே கிடையாது. தளவிளைவு ஒளி, அதாவது அதிர்வு ஒழுங்குபடுத்தப்பட்ட ஒளி, பட்டுத் திரும்பும்போது, படுதளத்துக்கு இணையான கூறும் செங்குத்தான கூறும் வேறு வேறு அளவில் எதிரொளிக்கின்றன. அந்த வீச்சு விகிதத்தைச் சொல்வது சை, இரண்டுக்கும் நடுவே விழும் கட்ட வேறுபாடு டெல்டா. கருவி அளப்பது இந்த இரண்டை மட்டும்தான். தடிமன் என்பது மென்பொருள் போட்ட கணக்கு.

ஒளியை உறிஞ்சாத படலம் தடிமன் கூடக் கூட, சை-டெல்டா சோடி ஒரு சுற்றுச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். சுற்றின் நீளம் எவ்வளவு? ஒளிவிலகல் எண்ணின் வர்க்கத்திலிருந்து படுகோண சைனின் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுங்கள்: 1.1135. அலைநீளத்தில் பாதியான 316.4-ஐ இதால் வகுத்தால் 284.2 நானோமீட்டர். ஆக 14.1, 298.3, 582.5 எல்லாம் கருவிக்கு ஒன்றுதான். மென்பொருள் முதலாவதைத் தூக்கிக் கையில் கொடுத்திருக்கிறது. சோதனை வேஃபர் ஒரு சுற்றுக்குள்ளேயே இருப்பதால் அதில் இந்தக் குட்டு வெளிப்படவில்லை.

வழிகாட்டியிடம் காட்ட வேண்டுமே, அதற்கு ஒரு வழி. கருவியின் கையை 60 பாகைக்கு நகர்த்தி மறுபடி அளந்து பாருங்கள். அங்கே சுற்றின் நீளம் 270.0. இரண்டு கோணத்திலும் பொதுவாக வருவதுதான் உண்மையான தடிமன்.

கண்ணாடிக்காரி:
ஒரு சின்னச் சேர்க்கை. நிறத்தை மட்டும் நம்பி முடிவு கட்டிவிடாதீர்கள், தடிமன் கூடும்போது அதுவும் திரும்பத் திரும்ப வரும். நிறமாலை எலிப்சோமீட்டர் கிடைத்தால் இந்தக் குழப்பமே வராது. ஒவ்வொரு அலைநீளத்துக்கும் சுற்று வேறு என்பதால், எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் பொருந்துகிற தடிமன் ஒன்றுதான் இருக்கும்.

ஆய்வக எலி:
60 பாகையில் 28.3 வந்தது சார்! 70-இல் 14.1, 298.3, 582.5. 60-இல் 28.3, 298.3, 568.3. நடுவில் மட்டும் ஒத்துப்போகிறது. இரண்டு வரிசையையும் ஒரு தாளில் எழுதி வழிகாட்டியின் மேசையில் வைத்துவிட்டேன்.

இன்னொரு சந்தேகம். ஒளிவிலகல் எண்ணையும் கருவியே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டால் 1.38, 1.52 என்று அலைகிறது. ஏன்?

பழைய லேசர்:
சரியாக ஒரு சுற்று முடிகிற இடத்தில் படலம் கருவியின் கண்ணுக்கே தெரியாது, வெறும் வேஃபர் போலவே இருக்கும். நீங்கள் அதைத் தாண்டி 14 நானோமீட்டர்தான் வந்திருக்கிறீர்கள். அங்கே ஒளிவிலகல் எண்ணைக் கேட்டால் ஏதாவது ஒன்றை உளறும். அரைச் சுற்று, அதாவது 140 பக்கம் உள்ள படலம் ஒன்று வளர்த்து அதில் எடுங்கள். சில நானோமீட்டர் படலங்களிலும் இதே கதைதான், எண்ணை நிலையாக வைத்துத் தடிமனை மட்டும் கேட்க வேண்டும்.

வெறும் வேஃபரை வைத்துப் பார்க்கும்போது டெல்டா 179-க்குப் பதில் 173, 174 என்று வந்தால் பதற வேண்டாம். காற்றில் தானாக வளர்ந்த ஆக்சைடு 2 நானோமீட்டர் அளவுக்கு இருக்கும், அதைத்தான் பார்க்கிறீர்கள். இந்த உணர்திறன்தான் இந்த முறையின் அழகு. 1889-இல் பால் ட்ரூட மேற்பரப்புப் படலங்களைப் பற்றி எழுதியபோது லேசரும் இல்லை, கணினியும் இல்லை. எலிப்சோமீட்டர் என்ற பெயரே 1945-இல் ரோத்தென் எழுதிய கட்டுரையோடு வந்ததுதான்.

ஆய்வக எலி:
நன்றி சார். கடைசியாக ஒன்று. டைட்டானியா (டைட்டானியம் டை ஆக்சைடு) படலத்துக்கான சோல்-ஜெல் கரைசலை மைக்ரோஸ்கோப் ஸ்லைடில் சுழற்றிப் பூசி 450 டிகிரியில் சுட்டிருக்கிறேன். ஸ்லைடை எடுத்து வைக்கும் ஒவ்வொரு முறையும் டெல்டா மாறுகிறது. அதற்கும் இந்தச் சுற்றுதான் காரணமா?

கண்ணாடிக்காரி:
இல்லை, இது வேறு வியாதி. ஒளி ஸ்லைடின் அடிப்பக்கத்திலும் பட்டுத் திரும்பி வருகிறது. ஏற்பி (திரும்பி வரும் ஒளியை வாங்கும் பகுதி) முன்னால் வெள்ளைக் காகிதம் பிடித்துப் பாருங்கள், கண்ணைக் கற்றைக்கு நேரே கொண்டுபோகாமல். ஒன்றையொன்று ஒட்டியபடி இரண்டு புள்ளி தெரியும். 1 மில்லிமீட்டர் கண்ணாடியில், 70 பாகையில், இரண்டும் அரை மில்லிமீட்டர்தான் விலகும். கற்றை அதைவிடத் தடிமனாக இருந்தால் இரண்டும் கலந்தேதான் ஏற்பிக்குள் போகும்.

அடிப்பக்கத்தில் டேப் ஒட்டுங்கள், அடங்கிவிடும்.

ஆய்வக எலி:
செல்லோ டேப் ஒட்டினேன் அக்கா. ஒரு மாற்றமும் இல்லை. இரண்டாவது புள்ளி அப்படியே இருக்கிறது.

கண்ணாடிக்காரி:
பளபள டேப் உதவாது, அதன் முதுகும் கண்ணாடி மாதிரி வழவழப்புத்தானே! மேலே பேனாவால் எழுத முடிகிற, மங்கலான டேப் ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும். அந்தச் சொரசொரப்பு ஒளியைச் சிதறடித்துவிடும். காற்றுக் குமிழி இல்லாமல் விரலால் நன்றாகத் தேய்த்து ஒட்டுங்கள். இல்லையென்றால் எமரி தாளால் அடிப்பக்கத்தைத் தேய்த்துவிடலாம், ஆனால் அந்த ஸ்லைடில் அப்புறம் ஒளி ஊடுருவலை அளக்க முடியாது.

ஆய்வக எலி:
மங்கல் டேப் ஒட்டியதும் இரண்டாவது புள்ளி காணாமல் போய்விட்டது. ஐந்து முறை வைத்து எடுத்தேன், டெல்டா 0.2 பாகைக்குள் நிற்கிறது. வழிகாட்டி தாளைப் பார்த்துவிட்டு, "இனி எல்லா சாம்பிளையும் 60-லும் எடு" என்று மட்டும் சொன்னார்.

டேப்பை உரித்தால் பசை ஒட்டிக்கொள்கிறது. அசிட்டோன் போட்டால் படலம் போய்விடுமா?

கண்ணாடிக்காரி:
450 டிகிரியில் சுட்ட டைட்டானியாவை அசிட்டோன் ஒன்றும் செய்யாது. ஆனால் ஊற்றாதீர்கள், கரைந்த பசை முன்பக்கம் வழிந்து கறையாகக் காயும். பஞ்சில் நனைத்து அடிப்பக்கம் மட்டும் துடையுங்கள்.