நெத்திலியில் தடுக்கிய கர்சர்

தங்கச்சிமடத்தில் விசைப்படகுகளுக்கு மீன் கணக்கு எழுதும் என் தாய்மாமா, 1990-களில் சென்னையில் யூனிக்ஸ் கணினியில் பழகியவர். இன்றும் டெர்மினலில், அதாவது எழுத்துகளைச் சம அகலக் கட்டங்களில் காட்டும் கட்டளைத் திரையில், விம் என்ற உரை எடிட்டரைத் திறந்துதான் கணக்கெழுதுவார். பிராம் மூலெனார் 1991-இல் வெளியிட்டு, 2023 ஆகஸ்டில் மறையும்வரை பேணிவந்த அந்த எடிட்டரின் மூலநிரலில் ஒரு பிரதியை, மாமாவுக்காகச் சில திருத்தங்களுடன் நான் பராமரித்து வருகிறேன்.

ஒருநாள் மாமா அழைத்தார்: “மாப்ள, மீன்னு அடிச்சா கர்சர் ஒழுங்கா நிக்குது. நெத்திலின்னு அடிச்சா பாதி எழுத்து மேல ஏறி உக்காந்துக்குது.”

முதலில் எழுத்துருவின் குறை என்றே நினைத்தேன். ஆனால் காரணம், எல்லா மொழி எழுத்துகளையும் கணினிக்காக வரையறுக்கும் யூனிகோடு தரத்தின் வகைப்பாட்டில் இருந்தது. ஈகாரக் குறியும் புள்ளியும் இடம் பிடிக்காத குறிகள். ஆகாரம், இகரம், எகரம் முதலிய குறிகளோ இடம் பிடிப்பவை. எனவே எங்கள் டெர்மினல் ‘கீ’ என்பதற்கு ஒரு கட்டமும் ‘கி’ என்பதற்கு இரண்டு கட்டமும் ஒதுக்கியது (இந்த வேறுபாட்டைத் தமிழ் படித்த எவரிடமும் சொல்லிப் புரியவைக்க முடியாது). விம் இவ்விரு வகைகளையும் ஒட்டுக்குறிகளாகவே, அதாவது முந்தைய எழுத்தோடு ஒட்டித் தனி இடம் பிடிக்காதவையாகவே கொண்டு, இரண்டு எழுத்துக்கும் தலா ஒரு கட்டம்தான் கணக்கிட்டது. ‘மீன்’ இருவர் கணக்கிலும் இரண்டு கட்டம்; ‘நெத்திலி’ விம்முக்கு நான்கு, டெர்மினலுக்கு ஏழு.

விம் மூலநிரலின் எம்பைட்.சி (mbyte.c) கோப்பில் ஒட்டுக்குறிகளின் அட்டவணை இருக்கிறது. அதிலிருந்து இடம் பிடிக்கும் தமிழ்க் குறிகளை நீக்கி, நிரலைத் தொகுத்துக் கொடுத்தேன். கர்சர் சரியாக நின்றது; மாமாவும் மகிழ்ந்தார். மறுநாளே, ‘காரல்’ என்ற மீன் பெயரின் முதலெழுத்தை எக்ஸ் விசையால் அழித்தபோது ககரம் மட்டும் போய்க் கால் தனியே நிற்கிறது என்று அழைத்தார். நான் அகலத்தைத் திருத்துவதாக எண்ணி, எது ஒரு முழு எழுத்து என்ற விம்மின் அடிப்படைக் கணக்கையே குலைத்திருந்தேன். போதாக்குறைக்கு, அந்த அட்டவணை யூனிகோடு தரவுக் கோப்பிலிருந்து ஒரு ஸ்கிரிப்ட் உருவாக்கித் தருவது. அடுத்த பதிப்புக்கு மாறியபோது என் கைத்திருத்தம் சுவடில்லாமல் போயிற்று.

பிறகு அட்டவணையைத் தொடாமல், அகலத்தைக் கணக்கிடும் செயற்கூறை மாற்றினேன். அதுவும் போதவில்லை; திரையை வரையும் பகுதி அடியெழுத்தை ஓர் அணியிலும் (array) ஒட்டுக்குறிகளை வேறோர் அணியிலும் வைத்துக்கொண்டு, குறிகளுக்குத் தனிக் கட்டமே இல்லை என்ற அனுமானத்தில் எழுதப்பட்டிருந்தது. ஓரிடத்தில் தொட்டால் பத்து இடங்களில் இடறியது. மூன்று வாரம் போராடிவிட்டு, எல்லாவற்றையும் பழையபடி திருப்பி வைத்தேன்.

இதைச் சொல்லத் தயங்கியபடி வீட்டுக்குப் போனபோது, மாமா கணக்கை வேறு விதமாக எழுதிக்கொண்டிருந்தார். எடையும் விலையும் வரியின் தொடக்கத்துக்கு வந்திருந்தன. மீனின் பெயர் கடைசியில் இருந்தது.

“பேரு வரிக்கடைசியில கெடந்தா, அது எங்க போனா நமக்கென்ன மாப்ள?” என்றார்.