அர்மடாவைத் தோற்கடித்தது புயல் என்று இன்னும் எத்தனை நாள் சொல்வீர்கள்?

கடலோடி:
ஸ்பானிய அர்மடா (இங்கிலாந்தைப் பிடிக்க ஸ்பெயின் மன்னர் பிலிப் அனுப்பிய கடற்படை) பற்றிய இழையில் தென்காற்று எழுதியிருக்கிறார்: "1588இல் இங்கிலாந்தைக் காப்பாற்றியது புயல். மற்றதெல்லாம் ஆங்கிலேயர் கட்டிவிட்ட கதை." படித்ததும் எரிச்சல்தான் வந்தது. ஆங்கிலக் கப்பல்கள் அர்மடாவைத் தாக்கிய கிரேவ்லைன்ஸ் சண்டை நடந்தது ஆகஸ்ட் 8. அயர்லாந்துக் கரையில் கப்பல்களை நொறுக்கிய புயல் செப்டம்பரில். படையெடுப்பு கைவிட்டுப்போய் ஒரு மாதம் கழித்து அடித்த புயல் அதை எப்படித் தோற்கடிக்கும்?

தென்காற்று:
ஏறக்குறைய 130 கப்பல்கள், 30,000 பேர். ஆங்கிலக் கால்வாய் நெடுக ஒரு வாரம் சுட்டும் ஆங்கிலத் தளபதிகள் டிரேக்காலும் ஹோவர்டாலும் அந்தப் பிறை அணியை உடைக்க முடியவில்லை. கப்பல்கள் பெருமளவில் அழிந்தது திரும்பும் வழியில்தான். 'ஹிரோனா' என்ற ஒரே கப்பலில் ஆயிரத்துக்கும் மேல் செத்தார்கள். கொன்றது பீரங்கியா, காற்றா? வென்ற தரப்பில் இருந்த டச்சுக்காரர்களே "கடவுள் ஊதினார், அவர்கள் சிதறினார்கள்" என்று பதக்கத்தில் பொறித்தார்கள்.

கடலோடி:
எதனால் செத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. ஏன் இங்கிலாந்தில் இறங்க முடியவில்லை என்று கேட்கிறேன். அர்மடாவின் வேலை எதிர்க்கரையான ஃபிளாண்டர்ஸில் இருந்த ஸ்பானியத் தளபதி பார்மாவின் படையைப் பத்திரமாகக் கால்வாய் தாண்ட வைப்பது. பார்மாவிடம் இருந்தவை தட்டையடிப் படகுகள். அவை நின்ற டன்கிர்க், நியூபோர்ட் இரண்டும் ஆழமில்லாத துறைமுகங்கள். வாசலில் நசாவின் ஜஸ்டின் தலைமையில் டச்சுப் படகுகள் காவல். ஸ்பெயினின் பெரிய கப்பல்கள் அந்த மணல் திட்டுகளைத் தாண்டி உள்ளே போகவும் முடியாது. ஆழமான ஃபிளஷிங் துறைமுகம் எதிரி கையில். இந்த இரண்டு படைகளும் எந்த இடத்தில் சேர்ந்திருக்கும்? கடலில் பாதுகாப்பில்லாமல் படகுகளை இறக்க முடியாது என்று பார்மாவே மன்னர் பிலிப்புக்கு எழுதினார். மன்னர் திட்டத்தை மாற்றவில்லை. காற்று வீசாவிட்டாலும் இந்தத் திட்டம் தோற்றிருக்கும்.

நங்கூரம்:
இரண்டு பேருமே தீக்கப்பல்களை விட்டுவிட்டீர்கள். ஆகஸ்ட் 7 இரவு, அர்மடா நங்கூரமிட்டு நின்ற பிரெஞ்சுத் துறைமுகம் கலே. ஆங்கிலேயர் 8 கப்பல்களுக்குத் தீ வைத்து அனுப்பினார்கள். கதை அங்கேயே முடிந்தது.

தென்காற்று:
அதில் எரிந்த ஸ்பானியக் கப்பல் எத்தனை? ஒன்றுகூட இல்லை.

நங்கூரம்:
எரிய வேண்டிய அவசியமே இல்லை, நண்பரே. பயத்தில் நங்கூர வடங்களை வெட்டிவிட்டு ஓடினார்கள். மறுநாள் காலை அணியே இல்லை. ஆங்கிலேயர் முதன்முறையாக அருகில் வந்து சுட முடிந்தது அதனால்தான். நீங்கள் சொல்லும் அயர்லாந்துக் கரையில் கப்பல்கள் பாறையில் மோதியபோது பிடித்து நிறுத்த நங்கூரம் எங்கே இருந்தது? கலே கடலடியில்!

தென்காற்று:
எரிந்தது எத்தனை என்று கேட்டேன். பதில் வரவில்லை.

கணக்குப்பிள்ளை:
தேதியே தவறு. ஆங்கில ஆவணங்களில் கிரேவ்லைன்ஸ் ஜூலை 29. கடலோடி முதலில் இதைத் திருத்தட்டும்.

கடலோடி:
இங்கிலாந்து அப்போது பழைய (ஜூலியன்) நாட்காட்டியில் இருந்தது, பத்து நாள் வித்தியாசம். நான் இரண்டு தேதிகளையும் புது (கிரிகோரியன்) நாட்காட்டியில்தான் கொடுத்திருக்கிறேன். லெபாண்டோ கடற்போர் பற்றிய இழையிலும் இதே சண்டைக்கு வந்தீர்கள். அந்தப் போர் 1571இல், புது நாட்காட்டி வந்ததே 1582இல். அதற்கு இன்றுவரை நீங்கள் பதில் சொல்லவில்லை.

கணக்குப்பிள்ளை:
அது வேறு, இது வேறு. தளபதி மெடினா சிடோனியா ஒரு கோழை, காரணம் அவ்வளவுதான். எனக்குக் கடல் அனுபவம் இல்லை என்று அவரே மன்னருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்.

கடலோடி:
உண்மையைச் சொன்னவர் கோழையா? முதலில் தளபதியாக இருந்த சாண்டா குரூஸ் பிப்ரவரியில் இறந்துபோனார், பொறுப்பை இவர் தலையில் கட்டினார்கள். அணி குலையாமல் கலே வரை கொண்டுவந்தவர் இவர்தான். கிரேவ்லைன்ஸில் மற்றக் கப்பல்கள் திரும்பி ஒன்று சேரும்வரை தன் 'சான் மார்ட்டின்' கப்பலுடன் முன்னால் நின்று அடி வாங்கியவரும் இவர்தான். அந்த மனிதரைக் கோழை என்று எழுதுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டேன்.

அப்புறம் காற்றுக்கு வருகிறேன். ஆகஸ்ட் 9 காலை அர்மடா டச்சுக் கரையின் சீலாந்து மணல் திட்டுகளை நோக்கி ஒதுங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் மொத்தமும் தரைதட்டியிருக்கும். காற்று தென்மேற்காகத் திரும்பியதால்தான் வடகடலுக்குள் தப்பியது. அதாவது முக்கியமான நாளில் காற்று ஸ்பெயினைக் காப்பாற்றியது. தென்காற்று இதற்குப் பதில் சொல்லிவிட்டு எரிந்த கப்பல்களை எண்ணட்டும்.

தென்காற்று:
அதே காற்றுதான் அவர்களை வீட்டுக்குத் திரும்ப விடாமல் வடக்கே விரட்டியது. நீங்களே எனக்குச் சாட்சி சொல்கிறீர்கள். அப்படியே 1589க்கும் வாருங்கள். டிரேக்கும் நோரிஸும் பெரிய கடற்படையோடு, அப்போது பிலிப்பின் ஆட்சியில் இருந்த லிஸ்பன் போய்ப் பிடிக்க முடியாமல் திரும்பினார்களே, அங்கே ஆங்கிலேயர் திறமை எங்கே போனது?

கடலோடி:
நான் எங்கே ஆங்கிலேயர் திறமை என்றேன்? பார்மா, மணல் திட்டு, டச்சுப் படகு என்றுதான் முதலிலிருந்து சொல்கிறேன். 1589க்குத் தனி இழை தொடங்குங்கள், அங்கே வருகிறேன். இங்கே பேச்சு 1588. புயல் செப்டம்பரில்.

நங்கூரம்:
வடங்களை வெட்டியது ஆகஸ்டில்.

தென்காற்று:
1596, 1597 இரண்டு ஆண்டுகளிலும் பிலிப் மறுபடி அனுப்பிய கடற்படைகளைக் கலைத்தது புயல்தான். அங்கே தீக்கப்பலும் இல்லை, டச்சுப் படகும் இல்லை. அதற்கு என்ன சொல்வீர்கள்?

கணக்குப்பிள்ளை:
எந்த நாட்காட்டிப்படி?